மூன்றாவது ராத்திரியும் மூக்கடைப்பு, இருமல்: வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது?

தாம்பரம் அம்மா | திங்கள், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 2 வயது 8 மாதம், எடை 12 கிலோ. சனிக்கிழமை சாயங்காலம் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. ஞாயிறு காலையிலிருந்து காய்ச்சல், 101க்கும் 102க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. பாராசிட்டமால் கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் விளையாடுகிறாள். அப்புறம் மறுபடி சூடு. பகலில்கூடப் பரவாயில்லை. படுக்க வைத்ததும் மூக்கு அடைத்துக்கொள்கிறது, வாயால் மூச்சு விடுகிறாள், இருமி இருமிக் கடைசியில் குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுக்கிறாள். இது மூன்றாவது ராத்திரி. என் தோளில் சாய்ந்தபடிதான் தூங்குகிறாள்.

நேற்று டாக்டரிடம் காட்டினோம். வைரஸ் சளிதான், ஆன்டிபயாடிக் வேண்டாம், நீராகாரம் நிறையக் கொடுங்கள் என்று பாராசிட்டமால் மட்டும் எழுதினார். வீட்டில் யாருக்கும் அதில் திருப்தி இல்லை. "இவ்வளவு இருமுறா, ஒரு இருமல் சிரப்கூட எழுதலையே" என்கிறார் கணவர். மாமியார், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்கலாம் என்கிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் பேச்சைத் தட்டவும் மனசு வரவில்லை, செய்யவும் பயமாக இருக்கிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? வெளியே மழை விடாமல் பெய்கிறது. தூக்கம் வரவில்லை.

தஞ்சைப் பாட்டி | திங்கள், இரவு 11.58

அம்மாடி, பயப்படாதே. இந்தக் கார்த்திகை மழையில் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை இருமிக்கொண்டுதான் இருக்கிறது. சாதத்தைக் குழையக் குழைய வடித்து, மிளகு சீரகம் தட்டிப்போட்ட ரசத்தைத் தெளிவாக இறுத்து, ஒரு சொட்டு நெய் விட்டுப் பிசைந்து கொடு. ஒரே தடவையில் கிண்ணம் காலியாக வேண்டும் என்று நினைக்காதே. நாலு வாய் சாப்பிட்டாலும் போதும், ஒரு மணி நேரம் கழித்து இன்னும் நாலு வாய். கற்பூரவல்லி இலை இருந்தால் தணலில் வாட்டிப் பிழிந்து, கால் ஸ்பூன் சாற்றில் தேன் குழைத்துக் கொடு. கற்பூர எண்ணெய் நாங்களும் தேய்த்திருக்கிறோம். ஒன்றும் ஆனதில்லை.

வார்டு அக்கா | செவ்வாய், அதிகாலை 5.10

தங்கச்சி, நெல்லைப் பக்கம் குழந்தைகள் வார்டில் 27 வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாட்டி சொன்ன ரசம் சாதம், கஞ்சி எல்லாம் அருமை. கற்பூர எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், மூச்சோடும் போகும், சின்ன உடம்புக்கு வலிப்பையே கொண்டு வரும். பூஜைக் கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்டு வலிப்போடு வந்த பிள்ளைகளைத் தூக்கி ஊசி போட்டிருக்கிறேன். பாட்டி அம்மா, உங்கள் வீட்டில் ஒன்றும் ஆகாதது கடவுள் புண்ணியம். எங்கள் வார்டுக்கு வந்தவர்களும் "இதுவரை ஒன்றும் ஆனதில்லை" என்றுதான் சொல்வார்கள்.

மாமியாருக்குத் தேய்த்துவிட ஆசை என்றால் வெறும் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, முதுகை நீவிவிடச் சொல். பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். சளி கரைவதற்கு இல்லை, பாட்டி கை பட்டுத் தூங்குவதற்கு.

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் உப்புநீர் சொட்டு என்று கேள், சலைன் நேசல் டிராப்ஸ். படுக்கைக்கு முன்னாலும் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து விடு, ஒரு நிமிஷம் அப்படியே வைத்திரு. இளகி வருவதை மெல்லிய துணியால் துடை. மூக்கில் எண்ணெய் விடாதே, அது நுரையீரலுக்குள் இறங்கினால் தனி நிமோனியாவாகிவிடும். வாயை வைத்து ஊதுவது, விரலைத் தொண்டைக்குள் விட்டுச் சளி எடுப்பது, எதுவும் வேண்டாம்.

ஆவி பிடிக்க வைக்காதே. கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து தொடை வெந்து வந்த குழந்தைகளின் அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. சளி பத்து நாளில் தானே போகும், அந்தத் தழும்பு போகாது.

இருமல் சத்தத்தைக் கேட்டு நெஞ்சு பதறும், தெரியும். சத்தத்தைவிட மூச்சைப் பார். காய்ச்சல் தணிந்து, அழாமல் தூங்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதே, குழந்தை மூச்சு ஒரே சீராக இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிஷத்துக்கு 40ஐத் தொட்டால் வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50, இரண்டு மாதத்துக்கும் கீழே என்றால் 60. எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

தாம்பரம் அம்மா | செவ்வாய், காலை 6.35

அக்கா, கண்ணீரே வந்துவிட்டது. இப்போது தூங்குகிறாள். எண்ணினேன், 32. குழி விழவில்லை. கற்பூர விஷயத்தை மாமியாரிடம் உங்கள் பதிவைப் படித்தே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நர்ஸம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டப்பாவைப் பூஜை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

மருந்துக்கடை அண்ணன் | செவ்வாய், காலை 9.20

விருதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் கணவரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தினம் பத்துப் பேர் இதைத்தான் கேட்டு வருகிறார்கள்.

2025 அக்டோபரில் நடந்ததை அவர் மறந்திருக்க மாட்டார். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். குடித்தது கோல்ட்ரிஃப் என்ற சளி மருந்து. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்ததில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தமிழக அரசு உடனே விற்பனையை நிறுத்தியது. அந்த வாரமே மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட உத்தரவு வந்தது.

நஞ்சு கலக்காத நல்ல சிரப்பும் இந்த வயதில் இருமலைக் குறைப்பதில்லை, தூக்கக் கலக்கத்தைத்தான் கொடுக்கும். உங்கள் டாக்டர் எழுதாமல் விட்டது கவனக்குறைவு இல்லை. எழுதாமல் அனுப்ப ஒரு டாக்டருக்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் எழுதாத டாக்டரை நம் ஊரில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. என் கடையில் சீட்டு இல்லாமல் குழந்தைகளுக்கு இருமல் சிரப் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். வியாபாரம் குறைந்தது, இரவில் தூக்கம் வருகிறது.

ஒரு வயது தாண்டியதால் படுக்கும்போது அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ராத்திரி இருமலுக்கு அது கொஞ்சம் கேட்கும். ஒரு வயதுக்குக் கீழே தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதும் ஆபத்து.

குன்னூர் டீச்சர் | செவ்வாய், மதியம் 1.15

இங்கே மலையில் டிசம்பரில் எல்லாக் குழந்தைகளும் மூன்று ஸ்வெட்டர், காதை மூடிய குல்லாவோடுதான் வகுப்புக்கு வருவார்கள். காய்ச்சல் இருக்கும்போது அப்படிச் சுற்றாதீர்கள். சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் ஏறும். ஒரே ஒரு பருத்திச் சட்டை, மெல்லிய போர்வை போதும். ஃபேன் மெதுவாக ஓடலாம், நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் சரி.

வாழைப்பழம், தயிர் கொடுக்கலாமா?

வார்டு அக்கா | செவ்வாய், மதியம் 2.00

கொடுக்கலாம் டீச்சர். பிள்ளை ஆசையாகக் கேட்டால் எதையும் தடுக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே மட்டும் வேண்டாம்.

தஞ்சைப் பாட்டி | செவ்வாய், மதியம் 2.25

மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன் நர்ஸம்மா. சளி பிடித்த பிள்ளைக்கு ராத்திரி தயிரா? அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

தாம்பரம் அம்மா | புதன், அதிகாலை 3.05

யாராவது விழித்திருக்கிறீர்களா? கை நடுங்குகிறது. பழைய பாட்டில் தீர்ந்துவிட்டதால் கணவர் புதுசு வாங்கி வந்திருந்தார். 102.4 இருந்தது. எப்போதும் போல 5 மில்லி கொடுத்துவிட்டேன். மூடியை மாட்டும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். பழையது 5 மில்லிக்கு 125 மி.கி., இது 250. இரண்டு மடங்கு கொடுத்துவிட்டேனே, என்ன ஆகும்?

வார்டு அக்கா | புதன், அதிகாலை 3.12

விழித்துத்தான் இருக்கிறேன். முதலில் உட்கார். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120லிருந்து 180 மி.கி. வரை கொடுக்கலாம். நீ கொடுத்தது 250. அதிகம்தான், ஆனால் ஒரே ஒரு தடவை இந்த அளவால் ஈரல் கெடாது. வாந்தி எடுக்க வைக்காதே. அடுத்த வேளையைக் காலை 9 மணிக்கு முன்னால் கொடுக்காதே. அதற்குள் சூடு ஏறினால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து அக்குள், கழுத்து, தொடையிடுக்கு துடைத்துவிடு. ஐஸ் தண்ணீர் வேண்டாம், அது நடுக்கத்தைக் கொண்டு வந்து சூட்டை இன்னும் ஏற்றும். விடிந்ததும் டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொல். மறைக்காதே, யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள்.

மருந்துக்கடை அண்ணன் | புதன், காலை 7.40

அக்கா சொன்னது சரி. இந்தத் தவறு உங்களுடையது மட்டும் இல்லை, மாதம் ஒருவராவது இப்படிப் பதறி வருவார்கள். பாராசிட்டமால் குழந்தைகளுக்கு மூன்று வலுவில் வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மி.கி. சிரப்பில் 5 மில்லிக்கு 125 (சில கம்பெனிகளில் 120), இன்னொன்றில் 250. சொட்டு மருந்துதான் மூன்றிலும் கெட்டி. சிரப் அளவுக்கு அதை ஊற்றிவிட்டால் நிஜமான ஆபத்து. உங்கள் மகளுக்கு 250 பாட்டிலில் இரண்டரையிலிருந்து மூன்றரை மில்லி, 125 பாட்டிலில் ஐந்திலிருந்து ஏழு மில்லி. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். சமையலறை ஸ்பூன் வீட்டுக்கு வீடு அளவு மாறும். பாட்டிலில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி மில்லி கணக்கைப் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. மழைக்காலம், டெங்கு இருக்கிறது. காய்ச்சல் நிற்காதவரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கேட்காதீர்கள். இபுப்ரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் இரண்டும் டெங்கு இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு எப்போதும் வேண்டாம்.

சேலம் அப்பா | புதன், காலை 10.30

சகோதரி, என் மகனுக்கு ஒன்றரை வயதில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு நடக்க வேண்டும் என்று இல்லை, தெரிந்திருந்தால் நல்லது.

இதே போல் சளிக் காய்ச்சல். மாலையில் திண்ணையில் மடியில் வைத்திருந்தேன். திடீரென்று உடம்பு விறைத்தது, கண் மேலே செருகியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் கையில் சாவிக் கொத்தைத் திணித்தார்கள். இன்னொருவர் பல் கிட்டிவிடக் கூடாது என்று வாயில் ஸ்பூனை விட்டார். ஈறு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இழுப்பு இரண்டே நிமிஷம்தான் இருந்தது. காயம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

டாக்டர் பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வரும். பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் மூளையைப் பாதிக்காது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாந்தியும் எச்சிலும் வெளியே வழிய. வாயில் எதையும் விடக் கூடாது. இரும்பைக் கையில் கொடுப்பதால் எதுவும் நிற்காது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால், அல்லது நின்று மறுபடி வந்தால் 108. சீக்கிரம் நின்றாலும் முதல் தடவை என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். ஸ்பூனை விட்டவர் நல்ல மனுஷர். இன்றும் அவரைப் பார்த்தால் அவருக்கும் எனக்கும் கண் கலங்கும்.

தாம்பரம் அம்மா | புதன், இரவு 9.50

டாக்டரிடம் சொன்னேன், அக்கா சொன்னதையே சொன்னார். நாலாவது நாளாகக் காய்ச்சல் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். டெங்கு இல்லை, தட்டணுக்கள் நன்றாக இருக்கின்றன. பாட்டி, உங்கள் ரசம் சாதம் ஆறு வாய் இறங்கியது. சிறுநீரும் சரியாகப் போகிறாள். எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

வார்டு அக்கா | புதன், இரவு 10.05

இன்று ராத்திரி இரண்டு மணி வரை மாமியார், அப்புறம் நீ. கணவருக்கு ஷிப்ட் இல்லாவிட்டால் அவரும் ஒரு பங்கு. தூங்காத கண்ணுக்கு லேபிள் தெரியாது, நேற்று பார்த்தாய் அல்லவா.

தாம்பரம் அம்மா | வெள்ளி, காலை 8.15

நேற்று ராத்திரி பெரிய அலைச்சல். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாக இருந்தோம். பதினோரு மணிக்கு மாமியார் என்னை எழுப்பினார். "மூச்சு வேற மாதிரி இருக்கு, வந்து பாரு" என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணினேன், 46. மறுபடி எண்ணினேன், 47. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே போய் வந்தது. மூச்சை விடும்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம். இருமல் அவ்வளவு இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். இருமலை மட்டும் கவனித்திருந்தால் குறைந்துவிட்டது என்று தூங்கியிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் அவசரப் பிரிவில் இருந்தோம். வைரஸ் சளியால் வந்த வீஸிங் என்றார்கள். மூன்று தடவை நெபுலைசர் வைத்தார்கள். நாலு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு 30க்கு வந்ததும் அனுப்பினார்கள். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலில் மாஸ்க் மாட்டி இன்ஹேலர் கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். கணவர் "இன்ஹேலர் பழகிப்போகாதா" என்று கேட்டார். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் வாயால் குடிக்கும் சிரப்பைவிடக் குறைந்த அளவே போதும், பழக்கம் ஆகாது என்று அந்த இளம் டாக்டர் அந்த நேரத்திலும் படம் வரைந்து விளக்கினார்.

நேரத்தோடு வந்தீர்கள் என்றார். எண்ணியது மாமியார்தான் முதலில், அக்கா. பழைய கைக்கடிகாரத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

தஞ்சைப் பாட்டி | வெள்ளி, காலை 9.00

அந்த அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு. நானும் எங்கள் வீட்டுக் கற்பூர டப்பாவை மேலே ஏற்றிவிட்டேன்.

மருந்துக்கடை அண்ணன் | வெள்ளி, காலை 9.45

குழந்தை தேறிய பிறகு ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதத்திலிருந்து வருஷம் ஒரு முறை போடலாம், முதல் தடவை மட்டும் நாலு வார இடைவெளியில் இரண்டு. வீஸிங் வந்த பிள்ளைக்கு ரொம்பப் பயன். எல்லாச் சளிக்கும் அது தடுப்பு இல்லை. நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி 2021லிருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள், தடுப்பூசி அட்டையில் விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள்.

தாம்பரம் அம்மா | செவ்வாய், மாலை 5.30

பத்தாவது நாள். ராத்திரி ஒன்றிரண்டு முறை இருமுகிறாள், அவ்வளவுதான். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கலாம், மூச்சு சரியாக இருந்தால் கவலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று மத்தியானம் தயிர் சாதம் கேட்டு அடம் பிடித்தாள். பாட்டி மன்னிக்கணும், பகல் என்பதால் கொடுத்துவிட்டேன்.

ஆவடி புது அம்மா | செவ்வாய், இரவு 8.10

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் பையனுக்கு 50 நாள். வீட்டில் எல்லோருக்கும் சளி. சாயங்காலத்திலிருந்து உடம்பு சுடுகிறது, 100.8. பால் குடிக்கும்போது பாதியிலேயே தூங்கிவிடுகிறான். பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு கொடுக்கலாம் அக்கா?

வார்டு அக்கா | செவ்வாய், இரவு 8.13

எதுவும் கொடுக்காதே கண்ணு. மூன்று மாதத்துக்குக் கீழே 100.4ஐத் தொட்டாலே வீட்டு வைத்தியம் கிடையாது, காலை வரை காத்திருப்பதும் கிடையாது. பால் குடிக்காமல் சோர்கிறான் என்றால் இன்னும் அவசரம். இப்போதே கிளம்பு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் ராத்திரியும் பார்ப்பார்கள், அதைவிடப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் அங்கே போ. வண்டி இல்லையென்றால் 108. உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடி, முகத்தை மூடாதே, போகும் வழியில் பால் கேட்டால் கொடு.

தாம்பரம் அம்மா | செவ்வாய், இரவு 8.15

கிளம்பிட்டீங்களா? தடுப்பூசி அட்டையை எடுத்துக்கோங்க.

ஆவடி புது அம்மா | செவ்வாய், இரவு 8.21

ஆட்டோவில் ஏறிவிட்டோம். அம்மாவும் கூட வருகிறார்.